குறிப்பு நிறைய இருக்கு, எழுத்துத்தான் வரவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

திருகோணமலையில் ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு நண்பரின் வீட்டு விறாந்தையில் கூடுவோம். கதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரே நாடகப் பிரதியை மூன்று வருசமாகத் திருத்திக்கொண்டிருக்கும் ஒருவரும் இருக்கிறார். குறிப்புக்கு யாரிடமும் பஞ்சமில்லை. சீ.ஆர். கொப்பியில், பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில், கிழித்த கலண்டர் தாளில், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிய செய்தியில் என்று எல்லா இடத்திலும் கிடக்கிறது. ஆனால் "இந்த மாதம் என்ன எழுதினீங்கள்?" என்று யாராவது கேட்டால் விறாந்தை அமைதியாகிவிடும்.

ஒருவர் கொப்பியை இன்னொருவர் வாங்கிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது, எல்லாருக்கும் ஒரே கோளாறு இல்லை. ஒருவருக்குச் சரிவந்த மருந்து இன்னொருவருக்கு நோயைக் கூட்டிவிடும். ஆகவே முதலில் உங்கள் கோளாறு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொப்பியைத் திறந்து, தெரிந்தெடுக்காமல், கைக்கு வந்த பத்துக் குறிப்பை வாய்விட்டு வாசியுங்கள். ஒவ்வொன்றையும் வாசித்த கையோடு மனதில் முதலில் வந்த சொல்லைப் பக்கத்தில் எழுதுங்கள். "புரியல", "அலுப்பு", "பயம்", "பிறகு பார்ப்பம்", "இது யாருடையது?" இப்படி ஏதாவது வரும். எது கூடுதலாக வருகிறதோ, கீழே அதற்குரிய பகுதிக்கு நேரே போங்கள். எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை.

அறிகுறி: என்ன எழுதினேன் என்று எனக்கே புரியவில்லை

என்னுடைய பழைய கொப்பி ஒன்றில் இப்படி இருக்கிறது: "மீன் சந்தை. ஐஸ் பெட்டி. மோதிரம்!!" இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருக்கிறேன். எதற்காகப் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறதி எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னைத்தானே சோதித்துப் பார்த்து 1885இல் வெளியிட்டார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று அளந்தார். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கும் மேல் போய்விட்டது. அதன்பிறகு போவது மெல்ல மெல்லத்தான். சந்தையில் நின்று எழுதிய மூன்று சொல்லும் அந்த நேரத்தில் எனக்குப் போதுமானதாகத் தெரிந்தன, ஏனென்றால் மிச்சமெல்லாம் கண் முன்னால் இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு எழும்பும்போது அந்த மிச்சம் போய்விட்டது.

சரிசெய்வது இப்படி. குறிப்பு எடுத்த அன்றிரவே, படுக்கப் போக முன்னம், இரண்டு வரி சேருங்கள். முதல் வரி: இதற்குச் சற்று முன்னம் என்ன நடந்தது? இரண்டாவது வரி: பேனையை எடுக்க வைத்தது எது? இரண்டாவதுதான் முக்கியம். கண்ட பொருளை எல்லாரும் குறித்துவைக்கிறார்கள். கையை அசைத்த விஷயத்தை யாரும் குறிப்பதில்லை. நான் விறாந்தையில் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை கடைசியில் இந்த ஒரு இடத்தில்தான் வந்து முடிகின்றன.

ஏற்கனவே ஊமையாகிப்போன குறிப்புகளுக்கு ஒரே வழி, அந்த இடத்துக்குத் திரும்பப் போய் அதே நேரத்தில் பத்து நிமிசம் நிற்பது. சில நேரம் வாடை அடித்தவுடன் முழுதும் திரும்பி வரும். வராவிட்டால் அந்தக் குறிப்பின் மேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள். என் மோதிரத்துக்கு நான் கோடு போட்டுவிட்டேன்.

அறிகுறி: குறிப்பு உயிரோடு இருக்கிறது, எழுதினால் செத்துவிடுகிறது

இதுதான் எங்களிடம் அதிகம் வருவது. ஆகவே ஒரு குறிப்பைக் கையில் எடுத்து முழுதாகக் காட்டுகிறேன்.

கோணேசர் கோயிலுக்குப் போனவர்களுக்கு இராவணன் வெட்டுப் பக்கத்து மரம் தெரியும். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் அதில் சின்னச் சின்னத் தொட்டில்களைக் கட்டிவிட்டுப் போவார்கள். ஒரு கச்சான் காற்றுக் காலத்தில் அங்கே நின்று நான் குறித்தது இது:

"தொட்டில் மரம். காற்று. எல்லாத் தொட்டிலும் ஒரே பக்கம் சாயுது. ஒன்று கீழே கிடக்கு. யாரும் எடுக்கல."

இதை வைத்து நான் முதலில் எழுதியது: "நீலக்கடலை நோக்கி நின்றது அந்த மரம். எத்தனை தாய்மாரின் ஏக்கங்கள் அதன் கிளைகளில் ஊசலாடிக்கொண்டிருந்தன!"

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறிப்பில் ஏக்கம் என்ற சொல்லே இல்லை. நான் எழுத உட்கார்ந்ததும், பார்த்ததை விட்டுவிட்டு அதற்குப் பொருள் சொல்லப் போய்விட்டேன். அதோடு, கையை அசைத்த கடைசி வரியை, அந்த "யாரும் எடுக்கல" என்பதை, முழுதாகவே தொலைத்துவிட்டேன். அழகாக இருக்கிறது என்று நினைத்த மரத்தை எடுத்துக்கொண்டு, என்னை நிறுத்திய தொட்டிலைக் கீழேயே விட்டுவிட்டேன்.

பிழை இருக்கும் இடம் தெரிந்தால் மூன்று கேள்வி கேட்கலாம். இதை யார் பார்க்கிறார்? அந்த நேரத்தில் அவருக்கு என்ன வேண்டும்? அதைச் செய்யவிடாமல் எது தடுக்கிறது? தொட்டிலைக் குனிந்து எடுக்க ஒரு ஆளுக்கு ஒரு செக்கன் போதும். எடுக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று தடுக்கிறது. கதை அந்தத் தடையில்தான் இருக்கிறது.

ஆனால் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. கொப்பியை முன்னும் பின்னுமாகப் புரட்டினேன். ஆறு மாதம் கழித்து எழுதிய வேறொரு குறிப்பு அகப்பட்டது: "பத்திரகாளி கோயில் வாசல். பிள்ளையின் சின்னச் செருப்பைத் தன் செருப்புக்குள் செருகி வைத்துவிட்டு உள்ளே போன தாய்." வேறு கோயில், வேறு நாள். செருப்பைக்கூட அவ்வளவு பத்திரமாக வைக்கிற இந்தப் பெண்ணைக் கொண்டுபோய் அந்த மரத்தடியில் நிறுத்தினேன். பிறகு எழுதியது இது:

"கீழே கிடந்த தொட்டிலை மகன் எடுத்துவிட்டான். 'வை, அது எங்கட இல்ல' என்றாள். சொன்ன பிறகுதான், அது தங்களுடையதாகவும் இருக்கலாம் என்று பட்டது. ஐந்து வருசத்துக்கு முன்பு அவள் கட்டியதும் இதே சிவப்புத் துணிதான். அன்றைக்குக் கடையில் வேறு நிறம் இருக்கவில்லை."

பெரிய எழுத்து என்று சொல்லவில்லை. ஆனால் இதற்குப் பின்னால் அடுத்த வரி தானாக வருகிறது. அவன் கீழே வைப்பானா, அவள் திரும்பக் கட்டுவாளா, கட்டினால் யாருக்காக? முதல் வடிவத்துக்குப் பின்னால் இன்னொரு ஆச்சரியக்குறி மட்டுமே வந்திருக்கும்.

ஆகவே ஒரு குறிப்பு தனியே நகராவிட்டால் அதைத் தள்ளிக்கொண்டு நிற்காதீர்கள். வேறு காலத்தில், வேறு இடத்தில் எடுத்த ஒன்றைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். ஒரே நாள் எடுத்த இரண்டு குறிப்பு பெரும்பாலும் ஒன்றையே சொல்லும், உதவாது. இன்னொன்று: எழுத உட்காரும்போது கொப்பியை மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் குறிப்பின் சொற்களையே பிரதி பண்ணுவீர்கள்.

அறிகுறி: ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் குறித்து வைத்திருக்கிறேன்

இது கோளாறே இல்லை. சந்தோசப்படுங்கள்.

எங்கள் ஊருக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது மான்களைப் பற்றித்தான். பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடு மாடு போல உலாவும். கோட்டையோடு நிற்பதும் இல்லை, கடைத்தெரு வரைக்கும் வரும். என் கொப்பிகளில் மான் பதினொரு தரம் வருகிறது. "மான் பொலித்தீன் மென்றுகொண்டு நிற்குது." "மான் கடக்க பஸ் நின்றது, சாரதி ஹோர்ன் அடிக்கல." "மழை. கடை வாசலில் மான் ஒதுங்கி நிற்குது, கடைக்காரர் விரட்டல." பல வருசமாக, "இதை ஏற்கனவே எழுதிவிட்டேன்" என்று சலித்துக்கொண்டு தாண்டிப் போனேன்.

பிறகு ஒருநாள் பதினொன்றையும் தனித்தனித் துண்டில் எழுதி, திகதிப்படி மேசையில் வைத்தேன். மான் எல்லாவற்றிலும் ஒரே மான்தான். பக்கத்தில் நின்றவர்கள் மாறியிருந்தார்கள். முதல் நான்கில் அப்பா இருக்கிறார். ஐந்தாவதில் அப்பாவின் சைக்கிள் மட்டும் இருக்கிறது, ஓட்டுகிறவன் நான். ஒன்பதாவதில் என் மகள், "இதுகள் எங்க படுக்கும் அப்பா?" என்று கேட்கிறாள்.

நான் அந்தப் பதினொன்றையும் ஒட்டவைக்க முயலவில்லை. இடையில் விளக்கம் எதுவும் போடாமல், ஒவ்வொன்றையும் ஒரு பத்தியாக எழுதி, அதே வரிசையில் வைத்தேன். உங்களிடமும் இப்படித் திரும்பத் திரும்ப வருவது ஒன்று இருந்தால் முதலில் அதையே எடுங்கள். மற்றதெல்லாம் பொறுக்கும்.

அறிகுறி: தகவல் மலைபோல இருக்கிறது, கதை நகரவில்லை

வரலாற்றை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு வருவது. திருகோணமலையில் பிறந்த யாருக்கும் இந்த ஆசை வரத்தான் செய்யும், இந்தத் துறைமுகத்துக்காக எத்தனை நாட்டுக் கப்பல்கள் வந்து அடிபட்டிருக்கின்றன. எங்களில் ஒருவர் 1942 ஏப்ரல் 9ஆம் திகதியைப் பற்றி எழுதுகிறார். அன்று காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புப் பக்கத்துக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அவரிடம் நாற்பது பக்கக் குறிப்பு இருக்கிறது. கதையில் வருகிற மீனவர் மட்டும் முதல் பக்கத்தில் விட்ட இடத்திலேயே வலையோடு நிற்கிறார்.

இதற்கு ஒரு சிவப்புப் பேனை போதும். உங்கள் ஆள் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் தீர்மானியுங்கள். பிறகு, அந்த இடத்தில் அந்த நிமிசத்தில் அவருக்குத் தெரிந்திருக்க முடியாத எல்லாவற்றையும் வெட்டுங்கள். கரைவலை இழுக்கிற ஒருவருக்கு விமானம் எந்த நாட்டுடையது என்று உடனே தெரியுமா? மட்டக்களப்புக் கடலில் கப்பல் மூழ்குவது தெரியுமா? தெரியாது, வெட்டுங்கள். கேட்ட சத்தம் தெரியும். வலையில் பாதி மீன் இருக்கிறது என்பது தெரியும். விட்டுவிட்டு ஓடுவதா, இழுத்து முடிப்பதா என்பது அவர் கையில் இருக்கிறது.

நண்பர் மூன்று ஞாயிறு இருந்து வெட்டினார். நாற்பது பக்கம் ஆறாகக் குறைந்தது. அவருக்கு மனம் நொந்தது, எனக்கு அது விளங்குகிறது, ஒவ்வொரு தகவலையும் தேடி எடுக்கப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். வெட்டியதை எறியச் சொல்லவில்லை. தனி உறையில் போட்டு வையுங்கள், கட்டுரை எழுத உதவும்.

அறிகுறி: அடுக்கிக்கொண்டே இருக்கிறேன்

நிறம் நிறமான ஒட்டுத்தாள், செயலிக்குள் கோப்புறைக்குள் கோப்புறை, மாதத்துக்கு ஒரு புதிய முறை. இப்படி அடுக்குகிறவர்கள் பெரும்பாலும் நிக்லாஸ் லூமன் என்ற ஜெர்மன் சமூகவியலாளரைக் காட்டுவார்கள். அவரிடம் சுமார் 90,000 துண்டுச்சீட்டுகள் இருந்தது உண்மை. ஆனால் அவர் சீட்டுகளைத் தலைப்புவாரியாக அழகுபடுத்திக்கொண்டு இருக்கவில்லை. புதிய சீட்டு எந்தப் பழைய சீட்டுக்குப் பதில் சொல்கிறதோ அதற்குப் பின்னால் வைத்து, ஒரு எண் போட்டார். அதோடு, வாழ்நாள் முழுதும் நூலும் கட்டுரையுமாக எழுதிக் குவித்தார். சீட்டும் எழுத்தும் ஒன்றாகவே நடந்தன.

ஒரு மாதத்துக்கு எதையும் இடம் மாற்றாதீர்கள். கை அரித்தால், இடம் மாற்ற நினைத்த அந்தக் குறிப்பை வைத்து அரைப் பக்கம் எழுதுங்கள்.

அறிகுறி: கைபேசியில் நூற்றுக்கணக்கான குரல் பதிவு, ஒன்றையும் திரும்பக் கேட்கவில்லை

முழுவதையும் எழுத்தாக்கப் போகாதீர்கள், மூச்சு முட்டும். நிலாவெளிக்கோ கிண்ணியாவுக்கோ பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு பத்துப் பதிவு கேளுங்கள். உங்கள் குரல் எந்த இடத்தில் மாறுகிறது என்று மட்டும் கவனியுங்கள். வேகம் கூடும், அல்லது சட்டென்று நிற்கும். அந்த இடத்தை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள். கையை அசைத்தது எது என்று கொப்பியில் தேடுவதைவிட இங்கே கண்டுபிடிப்பது லேசு, குரல் காட்டிக்கொடுத்துவிடும். கடற்கரையில் நின்று பேசினால் காற்றுச் சத்தம்தான் பதியும். வாயைக் கையால் மறைத்துப் பேசுங்கள்.

அறிகுறி: எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம்

"பயம்" என்ற சொல் பக்கத்தில் விழுந்தவர்களுக்கு. ஊர் சின்னது. கதையில் ஒரு தையல்காரர் வந்தால், எந்தத் தையல்காரர் என்று அடுத்த நாளே பேச்சு வரும். அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. போர்க்காலத்தைப் பற்றி ஒருவர் நம்பிச் சொன்னதை நாம் குறித்து வைத்திருப்போம். நமக்கு அது குறிப்பு. அவருக்கு அது இழந்த பிள்ளை.

சாதாரணக் குறிப்புக்கு: தொழிலை மாற்றுங்கள், தெருவை மாற்றுங்கள், ஆணைப் பெண்ணாக்குங்கள். அவர் கையை வைத்த விதத்தையும், சொன்ன வசனத்தின் ஓசையையும் மாற்றாதீர்கள். உங்களை நிறுத்தியது அவையாகத்தான் இருக்கும். தொழில் மாறியும் அந்தக் கைவீச்சு பொருந்தினால் கதை சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

நம்பிச் சொன்னதற்கு இது போதாது. எழுதியதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். நான் ஒருமுறை மூதூருக்கு ஒரு மாமியிடம் போனேன். தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டா. முடிய, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னா: "எழுதுங்க தம்பி. அந்தச் சாரிட நிறத்தை மட்டும் போடாதீங்க."

நிறத்தை எடுத்துவிட்டேன். போட வேண்டாம் என்று அவ முழுவதற்கும் சொல்லியிருந்தால் முழுவதையும் எடுத்திருப்பேன். இதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

அறிகுறி: இது என் வரியா, எங்கேயோ வாசித்ததா?

சந்தேகம் வந்தால் அது உங்களுடையது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் வாசித்து எடுக்கும் வரிக்கு மேற்கோள் குறியும் நூலின் பெயரும் பக்க எண்ணும் அந்த இடத்திலேயே போடுங்கள், அல்லது அதற்கென்று ஒரு பச்சைப் பேனை வைத்திருங்கள். இரவில் போடலாம் என்று விட்டால் போட மாட்டீர்கள்.

அறிகுறி: கொப்பியே போய்விட்டது

எங்கள் பக்கம் உப்புக்காற்றும் ஈரமும் கறையானும் சேர்ந்து கடதாசியை விட்டுவைப்பதில்லை. ஆகவே மாதம் முடிய எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, வேறொரு ஊரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பிவிடுங்கள். இது போகமுன் செய்ய வேண்டியது.

போன பிறகு என்ன செய்வது? 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வீட்டுக்குள் வந்தபோது என் லாச்சியில் ஐந்து வருசக் கொப்பிகள் இருந்தன. அந்த நாளில் கொப்பியைப் பற்றி நினைக்க யாருக்கும் மனம் வராது, எனக்கும் வரவில்லை. மாதக் கணக்கில் ஒன்றும் எழுதவில்லை. பிறகு ஒருவர் ரொபர்ட் நொக்ஸ் கதையை நினைவுபடுத்தினார். 1660இல் எங்கள் கொட்டியாரக் குடாவில் வந்திறங்கிப் பிடிபட்ட ஆங்கிலேயர். 19 வருசத்துக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, 1679இல் தப்பினார். ஊர் திரும்பும் கப்பலில் இருந்துகொண்டு, கண்டதையும் கேட்டதையும் நினைவிலிருந்து எழுதினார். 1681இல் அது இலண்டனில் நூலாக வந்தது. நெல் விதைப்பது, வீடு கட்டுவது, ஆட்கள் உடுப்பது, உண்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது.

அவருக்கு முடிந்தால் எனக்கும் கொஞ்சம் முடியும் என்று பட்டது. ஒரு புதிய சீ.ஆர். கொப்பி வாங்கினேன். செய்தது இவ்வளவுதான், நீங்களும் செய்யலாம்: ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிசம், பழைய கொப்பியில் என்ன இருந்தது என்று நினைவுக்கு வருவதை மட்டும் எழுதுங்கள். முயன்று தோண்டாதீர்கள். பட்டியல் போடாதீர்கள். ஒன்று வந்தால் அதை முழுதாக எழுதிவிட்டு எழும்புங்கள், வராவிட்டால் அப்படியே எழும்புங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு எண்ணிப் பாருங்கள்.

எனக்கு ஆறு வந்தன. ஆறும் நான் யாரிடமாவது ஒருமுறை வாயால் சொன்னவை. எழுதி மட்டும் வைத்த எதுவும் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு குறிப்பை எழுதினால் அந்தக் கிழமைக்குள் அதை யாருக்காவது சொல்லிவிடுவேன், பெரும்பாலும் விறாந்தையில், தேத்தண்ணி வர முன்னம். கேட்கிறவர் எந்த இடத்தில் "பிறகு?" என்று கேட்கிறாரோ, அந்தச் சொல்லின் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்வேன். அடுத்த நாள் காலையில் எழுதத் தொடங்குவது அந்தக் கோட்டிலிருந்துதான்.